எழுவான்கரையில் ஒரு வளவு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. வளவை ஒழுங்கு செய்து பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது எமது அனுபவம். வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கியுண்டு. கலியாணத்துக்குக் கைகொடுக்க உறவினருண்டு. வளவுக்கோவெனில், மாத முடிவில் மிஞ்சுவதைத் தவிர வேறு முதல் இல்லை. கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு மாத முடிவில் என்ன மிஞ்சும் என்பதை வாசகர்கள் அறிவர்.

எமது வளவு என்று சொல்வதும் ஒரு வழக்குப் பற்றியே. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்வழிச் செல்வன. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மருமகன் வந்து குடியிருப்பான். ஆகவே, கல்லடியில் நாம் வாழும் இருபது பேர்ச் நிலம் மாமியார் எம் துணைவியாருக்குக் கொடுத்தது. நாளை எம் மகளுக்குச் செல்ல இருப்பது. இடையிலே நாம் அதற்கு ஒரு காவற்காரர் மாத்திரமே. இந்த உண்மையை மறந்தமையால் சென்ற ஆண்டு நாம் செய்ய இருந்த பிழையையும், அதிலிருந்து தப்பிய விதத்தையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லடியைக் காணாத வாசகர்களுக்கு அதன் இருப்பிடத்தை முதலிற் கூறவேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, அவன் சாயும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையென்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிட்டு. அதன்மீது ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. புளியந்தீவிலிருந்து 1924 ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தாலோ, அதனருகே 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலத்தாலோ வாவியைக் கடந்தால் கல்லடி. எம் வளவிலிருந்து ஆறு நிமிடம் கிழக்கே நடந்தால் கடல்.

கொந்தராத்துக்காரர் சொன்ன தொகை

எம் தெருவில் அண்மைக்காலத்தில் வேலிகள் மறைந்து மதில்கள் எழுந்தன. மதிலுக்குள்ளே முற்றம் முழுவதும் இன்ரலொக் கல் பதிப்பதும் வழக்கமாயிற்று. பார்வைக்கு அது துப்புரவாகவே இருக்கும். எமக்கும் ஆசை உண்டாயிற்று. கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்து அளந்தார். அவர் சொன்ன தொகை எமது மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கக் கூடியதாயிருந்தது. போகும்போது அவர் இன்னுமொன்று சொன்னார்: படலையடியில் நிற்கும் பூவரசைத் தறிக்கவேண்டும், அதன் வேர் கல்லைக் கிளப்பிவிடும்.

மாமியார் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுபவரல்லர். "கல்லைப் பதிச்சா வளவு வடிவாத்தான் இருக்கும் மனே. மழைத் தண்ணி எங்க போற?" என்று மாத்திரம் கேட்டார். நாம் அதற்கு விடை சொல்லவில்லை. மறுநாட் காலையில் வழக்கம்போல விளக்குமாற்றை எடுத்து முற்றத்து மணலைக் கூட்டினார். பூவரசின் அடியை மட்டும் இரண்டு முறை கூட்டியதை நாம் சன்னலினூடாகக் கண்டோம்.

அன்றிரவு துணைவியார் சொன்னபோதுதான் அந்த மரத்தின் கதை எமக்குத் தெரிந்தது. பதினேழு ஆண்டுகள் அதே முற்றத்தில் நடமாடியும் நாம் அதைக் கேட்டதில்லை.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. நாம் பிறந்து சில மாதமே ஆகியிருந்த காலம் அது. மாவட்டத்துத் தென்னைகளிற் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஓரிரவில் விழுந்தன. மாமியாரின் வளவில் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு மாமனார் பன்னிரண்டு தென்னம்பிள்ளைகளை நட்டார். படலையடியில் ஒரு பூவரசங் கதியாலையும் ஊன்றினார். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி காலையிற் கடல் வந்தது. வீடும் மதிலும் போயின, மாமனாரும் போனார். காற்று வீழ்த்திய இனத்தை அலை வீழ்த்தவில்லை: ஏழு தென்னைகள் நின்றன. பூவரசும் நின்றது. மாமியார் அதன் கவரைக் கட்டிப்பிடித்திருந்தபடியால் உயிர் தப்பினார்.

மறுநாள் கொந்தராத்துக்காரருக்குத் தொலைபேசியிற் பேசி, கல் வேண்டாம் என்று சொன்னோம். ஆனால், வேண்டாமென்று சொல்லிவிட்டால் வளவு தானாக அழகு பெற்றுவிடுமா? வெயிலிற் சுடும் மணலும், ஒரு மூலையிற் குவிந்த உடைந்த செங்கற்களும், மாரியில் அயல்வீட்டுக் கல்முற்றத்திலிருந்து வடிந்து வந்து தேங்கும் நீருமாக அது கிடந்தது. கையில் இருந்ததோ சிறுதொகை. எனவே, புரட்டாதி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை மோட்டார்ச் சைக்கிளின் பின்னே ஏற்றிக்கொண்டு, பிறர் வளவுகளைப் பார்த்து வரப் புறப்பட்டோம். அவள் கையில் ஒரு கொப்பி இருந்தது.

ஊர்ப் பெயர்களே ஒரு தோட்டம்

கல்முனை வீதியிலே தெற்கு நோக்கிச் செல்லும்போது, வீதியோரத்துப் பெயர்ப்பலகைகளை மகள் உரக்க வாசித்து வந்தாள். நாவற்குடா, தாழங்குடா, மாங்காடு, தேற்றாத்தீவு! சிறிது தூரத்தில் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்: "அப்பா, எல்லாம் மரத்தின் பெயர்." உண்மைதான். நகரின் நடுவே புளியந்தீவு. முகத்துவாரத்துப் பக்கம் நாவலடி. வாவிக்கு அப்பால் மகிழடித்தீவு. கொக்கட்டி மரத்தாற் பெயர் பெற்ற கொக்கட்டிச்சோலை. வடக்கே புன்னைக்குடா, பனிச்சங்கேணி, வாழைச்சேனை. நம் முன்னோர் ஓரிடத்திற்கு வந்தவுடன் அங்கே எது நன்றாக வளர்ந்து நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அதையே ஊருக்கு அடையாளமாக்கியும் இருக்கிறார்கள். தேற்றா மரத்தின் விதையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது பழைய வழக்கம். மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் ஈடுகொடுக்கும் மரம் எது என்று அறிய நாம் நூல் தேடிப் போகவேண்டியதில்லை. பேருந்து நடத்துநர் கூவும் பெயர்களைச் செவிகொடுத்துக் கேட்டாலே போதும்.

களுதாவளையில் இறங்கினோம். வெற்றிலைக் கொடிக்கும் காய்கறிக்கும் பெயர்பெற்ற ஊர் அது. எம் வளவில் உள்ள அதே மணல்தான் அங்கும் இருக்கிறது. அதே மணலில் மிளகாயும் கத்தரியும் கீரையும் பசுமையாய் நிற்பதைக் கண்டு வியந்தோம். தோட்டத்தில் நீர் ஊற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அதன் சூட்சுமத்தைக் கேட்டோம்.

"சேர், மணலைக் குறை சொல்லாதீங்க. அது தண்ணிய வச்சிருக்காது. ஆனா வேரை அழுகவும் விடாது. ஒரேயடியாக் குடுக்காம, காலையில கொஞ்சம், பொழுதுபட்டாக் கொஞ்சம் குடுங்க. எருவும் அப்பிடித்தான்" என்றார் அவர். அவருடைய பாத்திகள் நிலமட்டத்துக்குச் சற்றுத் தாழ இருந்தன. களிமண் நிலத்தில் நீர் வடிய மேட்டுப்பாத்தி வேண்டும். மணல் நிலத்தில் நீர் நிற்கப் பள்ளப்பாத்தி வேண்டும். நாமோ பல ஆண்டுகளாக மணலிலே மேடு கட்டி, அதன்மேல் நீரை ஊற்றி, அது ஓடிப்போவதைப் பார்த்துச் செடிகளை நொந்துகொண்டிருந்தோம்! மகள் கொப்பியிற் குறித்துக்கொண்டாள். ஒவ்வொரு செடியின் அடியிலும் காய்ந்த இலையும் வைக்கோலும் பரப்பப்பட்டிருப்பதையும் அவள்தான் எமக்குக் காட்டினாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலின் ஈரத்தைக் காப்பது அந்தப் போர்வையே.

படுவான்கரையில்

வந்த வழியே திரும்பி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தோம். 2014 ஆம் ஆண்டு அப்பாலம் திறக்கப்படும்வரை அங்கே 'பாதை' என்று நாம் வழங்கும் மிதவையிற் காத்திருந்துதான் அக்கரை சேரவேண்டும். போர்க் காலத்தில் இரு கரைகளுக்கும் இடையே இருந்த தூரம் வாவியின் அகலத்தைவிடப் பெரிதாயிருந்தது. இப்பொழுது சில நிமிடத்திற் கடந்துவிடுகிறோம்.

அக்கரையில் மண் வேறு, வாழ்வு வேறு. வயல், மாடு, வைக்கோற்போர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரை வணங்கிவிட்டு, அயலிலுள்ள கிராமத்து வீதிகளில் மெல்லச் சென்றோம். அங்குள்ள வளவுகள் பலவற்றில் மதில் இல்லை. கதியால் வேலிகளே நின்றன. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்பன வரிசையாய்த் தளிர்த்திருந்தன. ஒரு மதில் கட்டி முடித்த நாளிலிருந்து பழுதாகத் தொடங்குகிறது. கதியால் வேலியோ நட்ட நாளிலிருந்து வளரத் தொடங்குகிறது. காற்றை மறிக்காமல் வடித்து விடுகிறது. ஆட்டுக்குக் குழை தருகிறது. சீமைக்கிளுவையின் இலை தழைச்சத்து மிகுந்த பசளை. அதை வெட்டித் தென்னையின் அடியிற் போட்டால், கடையில் வாங்கும் பசளையிற் பெரும்பகுதி மிச்சமாகும். 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நாடு பட்ட பாட்டை எவரும் மறந்திருக்கமாட்டார். அடுத்த ஆண்டு நெருக்கடி முற்றியபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். அந்த மாதங்களில் எம் வீட்டுக் கறிச்சட்டியை நிரப்பியது மாமியார் பின்வளவில் வைத்திருந்த இரண்டு முருங்கைகள்தாம்.

ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மையாரிடம் எருவும் கதியாலும் கிடைக்குமா என்று கேட்டோம். எந்த ஊர், யாருடைய வீடு என்று முதலில் விசாரித்தார். சொன்னோம். பிறகு இரண்டு சாக்கு மாட்டெருவும் ஒரு சாக்கு உமியும் தர ஒப்புக்கொண்டு, எருவுக்கு மாத்திரம் காசு வாங்கினார். "கதியாலுக்குக் காசு வாங்கிற இல்ல தம்பி. அது வேலியில இருந்து வேலிக்குப் போற சாமான்" என்றார். மறுவாரம் நண்பர் ஒருவரின் சிறிய லொறியில் அவற்றை ஏற்றி வந்தோம்.

மாலையிற் கல்லடிக்குத் திரும்பும்போது உப்போடையிற் சிறிது நின்றோம். சுவாமி விபுலாநந்தர் 1929 ஆம் ஆண்டு நிறுவிய சிவானந்த வித்தியாலயம் அங்கேதான் இருக்கிறது. 1947 ஆம் ஆண்டு மறைந்த அவருடைய சமாதியும் அங்கேயே உள்ளது. மலர்களைப் பற்றி அவர் பாடிய பாடல் அச்சமாதியிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. மகள் அதை முழுவதும் வாசித்துவிட்டு, "சுவாமிகள் எந்தப் பூவையும் விலை கொடுத்து வாங்கச் சொல்லவில்லை, அப்பா" என்றாள். சிரித்துக்கொண்டே வீடு சேர்ந்தோம்.

கிணறு கற்பித்த பாடம்

அன்றிரவு மாமியாரின் கேள்வியை மறுபடியும் நினைத்தோம். மழைத் தண்ணீர் எங்கே போகும்?

எழுவான்கரையின் கிணறுகள் நன்னீர்க் கிணறுகளாயிருப்பதே ஓர் அதிசயம். ஒரு புறம் கடல். மறு புறம் உவர் வாவி. மணலின் ஊடாக இறங்கும் மழைநீர், பாரம் குறைந்ததாகையால், கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கொள்கையளவில், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உப்பை அமுக்கி வைக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்பு அத்தனை அடி ஏறிவரும். ஆழிப்பேரலையின்பின் எம் கிணறும் அயற் கிணறுகளும் உப்பாயின. அவசரப்பட்டு இயந்திரத்தால் இறைத்தவர்கள் அடியிலிருந்த உப்பையும் மேலே இழுத்துக்கொண்டார்கள். அளவோடு இறைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, மாரிக்கு மாரி தண்ணீர் சிறிது சிறிதாகத் திரும்பியது. எம் கிணற்று நீர் பழைய சுவைக்கு வரப் பல மாரிகள் சென்றன என்று துணைவியார் சொல்வார். அந்த மழையை உள்ளே விட்டது முற்றத்து வெறும் மணல். அதைக் கல்லால் மூடப் பணம் கொடுக்க நாம் ஆயத்தமாயிருந்தோம்!

மூன்று வட்டங்கள்

மகள் அடுத்த நாள் வளவைக் காலடியால் அளந்து கொப்பியில் ஒரு படம் வரைந்தாள். மாமியாரை அருகிருத்தி, முன்னர் எங்கெங்கே என்ன நின்றது என்று கேட்டுக் குறித்தாள். கேட்கக் கேட்க, பழைய வளவிலே ஓர் ஒழுங்கு இருந்தமை தெரிந்தது. மூன்று வட்டங்களாக அதைப் பிரித்துச் சொல்லலாம்.

முதல் வட்டம் முற்றம். அது வெறும் மணல். கூட்டுவதற்கும் இருப்பதற்கும் உரியது. நிழலுக்குப் பூவரசு போதும். கரையோரமாகச் செவ்வரத்தை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி என்பன. இவற்றுள் எதனையும் காசு கொடுத்து வாங்கவில்லை. தெருவிலுள்ள ஐந்து வீடுகளில் தடியும் விதையும் கேட்டுப் பெற்றோம். மூலையிற் கிடந்த உடைந்த செங்கற்கள் அலையிற் போன பழைய வீட்டினுடையவை. அவற்றை இடைவெளி விட்டுப் பதித்து, படலையிலிருந்து வாசல்வரை ஒரு நடைபாதை அமைத்தோம். மாமியார் சிலவற்றைக் கையிலெடுத்துப் பார்த்துத் தந்தார். நாம் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் வட்டம் கிணற்றடி. குளித்த நீரும் கழுவிய நீரும் வடியும் வழியில் வாழையும் கறிவேப்பிலையும்; சற்று எட்டப் பள்ளப்பாத்திகளில் வல்லாரையும் பொன்னாங்காணியும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடியாவது இருப்பது நன்று. மணல் நிலத்தில் அழுக்கு விரைவிற் பரவும். வீடு கட்டும்போதே இதனைக் கவனித்தல் வேண்டும்.

மூன்றாம் வட்டம் அடிவளவு. அங்கே ஏழு தென்னைகளும் முருங்கையும் நின்றன. ஒரு தேசியும் ஒரு மாதுளையும் சேர்த்தோம். வாங்கிய தென்னம்பிள்ளை ஒன்றே. மூன்றடிக் குழி தோண்டி, அடியிற் பொச்சு மட்டைகளை உட்குழிவு மேலே தெரிய இரண்டு வரிசை அடுக்கி, உமியும் எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பினோம். அம்மட்டைகள் மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். தென்னைக்குத் தென்னை 25 அடி வேண்டும். கூரைக்கு அணித்தாக நடலாகாது என்பது சூறாவளி கற்பித்தது. மூன்று வட்டத்தையும் சுற்றிக் கதியால் வேலி. இடையிடையே சொந்தத் தென்னோலையிற் பின்னிய கிடுகு. சிரட்டைகளையும் வெற்றுப் போத்தல்களையும் பொறுக்கி அகற்றும் வேலை மகளுடையது. மாரியில் அவற்றில் தேங்கும் கையளவு நீர் போதும், நுளம்பு பெருகி வீட்டுக்கு டெங்கைக் கொண்டுவர.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. கணக்குப் பார்த்தோம். கொந்தராத்துக்காரர் கேட்ட தொகையிற் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. மிஞ்சியதை மகளின் பெயரில் வங்கியில் இட்டோம். பணம் குறைந்தது நல்லதாயிற்று என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. வறுமையைப் புகழ்வது வயிறு நிறைந்தவர் வழக்கம். ஆயினும், கையிற் பணம் தாராளமாக இருந்திருப்பின் அன்றே மரத்தைத் தறித்திருப்போம் என்பது மட்டும் உண்மை.

ஐப்பசி பிற்பகுதியில் முதல் பெருமழை பெய்தது. இரவு முழுவதும் கூரையில் அதன் ஓசை கேட்டது. அயல்வீட்டு நீர் வழக்கம்போல எம் பக்கம் வந்தது. வந்த நீர் வேலியடியில் நாம் வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கி, வாழையடியிற் சிறிது நின்று, மணலுக்குள் மறைந்துவிட்டது. விடிந்து பார்த்தபோது முற்றத்தில் நீர் இல்லை. மழைத்துளி பட்ட குழிகளே இருந்தன. கிணற்றில் ஒரு கொட்டு அளவு நீர் உயர்ந்திருந்தது.

மாமியார் வாளியை இறக்கி அள்ளினார். ஒரு கை நீரை வாயில் விட்டுப் பார்த்தார். "உப்பில்ல" என்றார். பின்னர் மிஞ்சியதைத் தூக்கிச் சென்று, அப்போதுதான் மழையில் நனைந்து நின்ற பூவரசின் அடியில் ஊற்றினார். அதற்கு நீர் தேவையில்லை என்று மகள் சொல்ல வாயெடுத்தாள். நாம் அவளுக்குக் கைகாட்டினோம்.